சாவி யார் கையில்?

(பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி வாரியத்தாரே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, என்னோடு ஒரே தொழிலைச் செய்யும் ஆசிரியப் பெருமக்களே, புந்தோங்கிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வேலை முடித்து வந்து கூடியிருக்கும் பெற்றோர்களே, இன்று பரிசு வாங்கிய பிள்ளைகளே, இன்று பரிசு வாங்காத பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பரிசு வாங்காத பிள்ளைகளையும் தனியே கூப்பிட்டு வணக்கம் சொன்னதற்குக் காரணம் உண்டு. இன்று நான் பேசப் போவது பெரும்பாலும் அவர்களைப் பற்றித்தான்.

என்னைப் பேச அழைக்க வந்த சங்கத்து அன்பர் ஒருவர், "சார், பள்ளியிலே தொழில்நுட்பம் என்ற தலைப்பில் பேசுங்க. ரெண்டு வகுப்புக்குப் பெரிய தொடுதிரை வாங்கலாம்னு இருக்கோம். நீங்க நாலு வார்த்தை நல்லதாச் சொன்னா, சனங்க மனசு வந்து நன்கொடை குடுப்பாங்க" என்று சொன்னார். நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன். அன்றிரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான், நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் வேறு என்று பட்டது. அந்த அன்பர் என்னை மன்னிக்க வேண்டும். திரை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. திரைக்கு முன்னால் வேறு ஒன்று வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

பூட்டிய பெட்டி

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் என்னைப் போட்டார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் பாடம் நின்றுவிடும். ஆசிரியர் கத்தினாலும் பிள்ளைகளுக்குக் கேட்காது. காலையில் பெரட்டுக்குப் போன தாய்மார்கள், பால் எடுத்து முடித்து வீட்டுக்குத் திரும்பும்போது பள்ளிச் சன்னல் வழியாகத் தங்கள் பிள்ளை எழுதுகிறானா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

1972ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்திருந்தது. மர அலமாரிக்குள் வைத்து, இரண்டு கதவு போட்டு, பூட்டும் போட்டிருந்தார்கள். நான் இளையவன் என்பதால் சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்திரமாகப் பூட்டி வைத்தேன்! பெட்டி பழுதானால் பாரம் நிரப்ப வேண்டும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பாடத்தை எப்போது காட்டுவது, காட்டிய பிறகு வகுப்பில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அதிகாரி யாராவது வந்தால் மட்டும் கதவைத் திறந்து வைப்பேன். மற்ற நாளில் அது தூசி படியும் ஒரு மரப்பெட்டி.

அந்தத் தூசியைத் துடைக்கும் வேலை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுடையது. பால்மரம் வெட்டுபவரின் மகன். தினமும் துணியை நனைத்துக் கொண்டுவந்து துடைப்பான். ஒரு நாள், "சார், இதுக்குள்ள என்ன சார் காட்டுவாங்க?" என்று கேட்டான். "அப்புறம் காட்டுறேன்டா" என்று சொன்னேன். அந்த வருசம் முழுக்க ஒரே ஒரு நாள்தான் காட்டினேன். எரிமலையைப் பற்றிய பாடம் அது.

பல ஆண்டுகள் கழித்து, இதே புந்தோங் சந்தையில் ஒருவர் என் கையைப் பிடித்தார். லாரி ஓட்டுகிறவர். தலை நரைத்திருந்தது. "சார், என்னைத் தெரியலையா? பெட்டி தொடச்ச பையன் சார்" என்றார். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்தோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரே ஒரு நாள் எரிமலை காட்டுனீங்க சார். இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. மத்த நாளெல்லாம் நான் வெளிப்பக்கத்தைத்தான் தொடச்சேன்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

அன்பர்களே, அந்தப் பள்ளியில் கருவி இருந்தது, மின்சாரம் இருந்தது, நிகழ்ச்சியும் ஒளிபரப்பானது. இல்லாதது ஒன்றே ஒன்று: முன்கை எடுக்கும் ஆசிரியர். சாவியைக் கையில் வைத்திருந்தேன். ஆனால் திறக்கும் துணிவு என்னிடம் இல்லை.

பெட்டிகள் மாறின

அந்தப் பெட்டிக்குப் பிறகு எத்தனையோ பெட்டிகள் நம் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

1997இல் அறிவார்ந்த பள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டு, 1999இல் சில பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கியது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, அந்தப் பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் பள்ளிக்குப் புரொஜெக்டரும் வந்தன. 2011இல், நாட்டில் உள்ள ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கும் இணைய வசதியும் இணையக் கற்றல் தளமும் தருவதாக ஒன் பெஸ்தாரி நெட் திட்டம் வந்தது. அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019இல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. 2020 ஜூன் மாதத்தில் டெலிமா தளம் வந்தது. 2023 நவம்பரில் மின்னியல் கல்விக் கொள்கையை அரசாங்கம் வெளியிட்டது.

இவற்றில் எதையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஒவ்வொன்றிலும் நன்மை அடைந்த பள்ளிகள் உண்டு. ஒரே வகைப் பெட்டி, ஒரே வகைத் தளம் எல்லாப் பள்ளிக்கும் வந்தும், ஒரு பள்ளியில் பிள்ளைகள் முன்னேறினார்கள், அடுத்த பள்ளியில் பெட்டி அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வரவே இல்லை. ஏன்?

இந்தக் கேள்வியை மற்ற நாடுகளும் கேட்டிருக்கின்றன. தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு. அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்தார்கள். பிறகு 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகள் கணினியை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் அவர்களுடைய தேர்ச்சி உயர்ந்ததாகத் தெரியவில்லை. கருவி கைக்கு வந்தது. ஆனால் அதைப் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது என்று ஆசிரியருக்குப் போதிய பயிற்சியும் துணையும் இல்லை.

மண்வெட்டியை வாங்கி வாசலில் சாத்தி வைத்தால் தோட்டத்தில் கீரை முளைக்குமா?

இரண்டு ஆசிரியர்கள்

சரி, ஆசிரியர் முன்கை எடுத்தால் என்ன நடக்கும்? இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பேருமே நம்மைப் போன்ற சாதாரணப் பள்ளி ஆசிரியர்கள்.

ஒருவர் ரஞ்சித்சிங் டிசாலே. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலம், சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்ற சிற்றூர். 2009இல் அவர் அங்கே வேலைக்குப் போனபோது பள்ளிக் கட்டடம் பாழடைந்து கிடந்தது. ஒரு பக்கம் மாட்டுக்கொட்டகை, மறுபக்கம் சாமான் அறை. அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி கன்னடம். பாடப்புத்தகமோ வேறு மொழியில் இருந்தது. அவர் முதலில் கணினி வாங்கித் தாருங்கள் என்று கேட்கவில்லை. முதலில் கன்னடம் கற்றார். புத்தகத்தைப் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் மாற்றினார். அதற்குப் பிறகுதான் தொழில்நுட்பத்தைத் தொட்டார். புத்தகப் பக்கத்தில் கட்டம்கட்டமாக இருக்கும் கியூஆர் குறியீட்டை அச்சிட்டு ஒட்டினார். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் அந்தப் பாடத்தின் பாட்டும் விளக்கமும் வரும். ஒரு கிராமத்து ஆசிரியரின் இந்த யோசனையை மகாராஷ்டிர மாநிலமே ஏற்றுக்கொண்டது. இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் அந்தக் குறியீட்டைக் காணலாம்.

2020 டிசம்பரில் உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பத்து லட்சம் அமெரிக்க டாலர். அதில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்!

அந்த ஒன்பது பேரில் ஒருவர் நம் நாட்டவர் என்பதை இங்கே எத்தனை பேர் அறிவீர்கள்? அவர் பெயர் சாமுவேல் ஐசாயா. பகாங் மாநிலம், முவாட்சாம் ஷாவுக்கு அருகில் ரஞ்சாங் தேசியப் பள்ளி. அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று மற்றவர்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. உக்குலேலே என்ற சின்ன நரம்புக் கருவியை வாசித்துப் பாட்டாகவே மொழியைச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் பேசுவதைக் காணொளியாக எடுத்து ஊருக்குக் காட்டினார். பொதுமக்களிடம் நிதி திரட்டி வகுப்புக்குக் கணினி வசதி செய்தார்.

இருவரும் போன வழியைக் கவனியுங்கள். இந்தப் பிள்ளைக்கு எங்கே தடுக்கிறது என்பது முதல் கேள்வி. அந்தத் தடையை நீக்க எது உதவும் என்பது இரண்டாவது கேள்வி. கருவி அதற்குப் பிறகுதான் வருகிறது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கருவியை வாங்கிவிட்டு, "இதை வெச்சு என்ன செய்யலாம்?" என்று கேட்கிறோம்.

தமிழுக்கே ஒரு சான்று சொல்கிறேன். இன்று நீங்கள் கைப்பேசியில் தமிழில் எழுதுகிறீர்களே, அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் நம் மலேசிய நாட்டின் முத்து நெடுமாறன். 1985லேயே முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 2005இல் கைப்பேசிக்குச் செல்லினம் வந்தது. அவர் யார் மகன்? ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன் அவர்களின் மகன். ஆசிரியர் வீட்டில் வளர்ந்த தமிழ்ப்பற்றுதான் கணினியைத் தமிழ் பேச வைத்தது. ஆகவே, "தமிழ்ப்பள்ளிக்கும் தொழில்நுட்பத்துக்கும் ரொம்ப தூரம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் கண்முன்னே நடந்தது

வெளியூர்க் கதை போதும். நம் வட்டாரத்துக்கு வருவோம்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகளை மூடினார்கள். பாடம் கைப்பேசிக்குப் போயிற்று. கல்வி அமைச்சு அந்த ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுச் சாதனமும் இல்லை என்று தெரிந்தது. நூறு பிள்ளைக்கு முப்பத்தேழு பிள்ளை! அவர்களில் எத்தனை பேர் தோட்டத்துப் பிள்ளைகள், அடுக்கு வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பெட்டி துடைத்த அந்த லாரிக்காரரின் பேத்தி அப்போது மூன்றாம் ஆண்டு படித்தாள். வீட்டுக்கு ஒரே ஒரு திறன்பேசி. அதையும் தாத்தா லாரிக்கு எடுத்துப் போய்விடுவார். அது இல்லாமல் அவருக்கு வேலை கிடைக்காது. காலை ஒன்பது மணிக்கு ஆசிரியை இணையத்தில் பாடம் நடத்தும்போது, இந்தப் பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய ஆசிரியை இளம் வயதுப் பெண். முதல் வாரம் வருகைப் பதிவில் 'வரவில்லை' என்று எழுதினார். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம், "வரவில்லை என்று எழுதுறேனே, ஏன் வரவில்லைன்னு நான் கேக்கலையே" என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் அழைத்து, எந்த வீட்டில் எத்தனை கைப்பேசி, அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்.

நோட்டைப் பார்த்ததும் வழி தெரிந்துவிட்டது. நேரலைப் பாடத்தைக் குறைத்தார். மூன்று நிமிடக் குரல் விளக்கமாகப் பதிவு செய்து, இரவு எட்டு மணிக்குப் புலனத்தில் அனுப்பினார். அது தரவையும் அதிகம் தின்னாது. தாத்தாவும் அந்த நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார். பயிற்சித் தாளை அச்சிட்டுப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தக் குடும்பங்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் கொடுத்து வைத்தார். அரிசி வாங்கப் போகும் அம்மா, தாளையும் வாங்கி வருவார். போன வாரத் தாளைக் கடையில் கொடுத்துவிட்டு வருவார்.

பள்ளி மறுபடி திறந்தபோது அந்தப் பேத்தி வாசிப்பில் பின்தங்கவில்லை. "டீச்சர் குரலைக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவா சார்" என்று அந்தத் தாத்தா என்னிடம் சொன்னார். நான் திறக்காத பெட்டியை, அவருடைய பேத்திக்கு வேறொருவர் திறந்துவிட்டார்.

அதில் என்ன பெரிய தொழில்நுட்பம் இருக்கிறது? பழைய கைப்பேசி, பிளாஸ்டிக் பை, மளிகைக் கடை, ஒரு நோட்டுப் புத்தகம். ஆனால் ஆசிரியர் தலைமை ஏற்றார். அதுதான் வித்தியாசம்.

ஆசிரியர்களுக்கு

ஆசிரியத் தோழர்களே, மூத்தவன் என்ற உரிமையில் உங்களுக்கு நான்கு வார்த்தை.

ஒன்று: சிறியதாகத் தொடங்குங்கள். ஒரு வகுப்பு, ஒரு பாடம், நான்கு வாரம். பின்னக் கணக்கில் பிள்ளைகள் தடுமாறுகிறார்களா? பாடம் முடிந்ததும் ஐந்தே கேள்வி கொடுங்கள். கணினியில் கொடுத்தால், யார் எந்தக் கேள்வியில் தவறினார்கள் என்று அன்று மாலையே தெரிந்துவிடும். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைகளை மட்டும் தனியே உட்கார வைத்து விளக்கலாம். கணினியின் உண்மையான பயன் இதுதான். பிள்ளையின் தவறு ஆசிரியரின் கண்ணுக்கு ஒரு மாதம் கழித்துத் தெரிவதற்குப் பதிலாக, ஒரு நாளில் தெரிகிறது. நான்கு வாரம் கழித்தும் முன்னேற்றம் இல்லையென்றால் வெட்கப்படாமல் கைவிடுங்கள்.

இரண்டு: கதவைத் திறந்து வையுங்கள். ஜப்பானில் நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு வழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். ஆசிரியரைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளைப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் பிள்ளை முகம் மலர்ந்தது, எந்த இடத்தில் சன்னலைப் பார்த்தது என்று குறித்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து பாடத்தைத் திருத்துவார்கள். நம் கல்வி அமைச்சும் பிஎல்சி என்ற பெயரில் ஆசிரியர் கற்றல் குழுக்களைச் சில ஆண்டுகளாக ஊக்குவித்து வருகிறது. அதைப் பாரம் நிரப்பும் சடங்காக ஆக்கிவிடாதீர்கள்.

மூன்று: தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். எனக்கு 2003க்குப் பிறகு மடிக்கணினி கைக்கு வந்தபோது அதைத் திறக்கவே நடுக்கம். கடைசியில் சொல்லிக் கொடுத்தவன் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன். "சார், பயப்படாதீங்க, வெடிக்காது" என்றான். அன்று அந்தப் பையன் ஒரு சாண் உயர்ந்து நின்றான். மூத்த ஆசிரியருக்குப் பிள்ளையின் மனம் தெரியும். இளைய ஆசிரியருக்குக் கருவி தெரியும். இருவரையும் சோடி சேர்த்தால் பள்ளி முன்னேறும்.

நான்கு: நம் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பாடத்துக்குள் கொண்டு வாருங்கள். புந்தோங் என்றால் மலேசியாவே கச்சான் பூத்தேயை நினைக்கிறது. ஒரு கிலோ கடலை என்ன விலை, எத்தனை பொட்டலம் வரும், ஒரு பொட்டலத்துக்கு என்ன லாபம் என்று பிள்ளைகளே கேட்டு வந்து கணினியில் அட்டவணை போடட்டும். அதைவிடச் சிறந்த கணிதப் பாடம் எங்கே கிடைக்கும்? பாட்டியிடம் கைப்பேசியை நீட்டி, லயத்து வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்து, அதைத் தமிழில் தட்டச்சு செய்யட்டும். மங்கு, உளி, வாளி, தண்டல், கிராணி என்ற சொற்களை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலையை எந்த நிறுவனத்தின் மென்பொருளும் நமக்காகச் செய்யாது.

பெற்றோர்களுக்கு

பெற்றோர்களே, இப்போது அந்தத் தொடுதிரை விசயத்துக்கு வருகிறேன். வியர்வை சிந்திச் சம்பாதித்த வெள்ளியை நீங்கள் நன்கொடையாகக் கொடுக்கப் போகிறீர்கள். எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே என் வேண்டுகோள் இது.

திரை இரண்டு வேண்டாம், முதலில் ஒன்று வாங்குவோம். மிச்சப் பணத்தை மூன்று காரியத்துக்கு ஒதுக்குவோம்.

முதலாவது, பழுது பார்க்கும் நிதி. பள்ளிகளில் கருவிகள் சாவது பெரும்பாலும் உபயோகித்ததால் அல்ல, கவனிக்காததால். மடிக்கணினியின் மின்கலம் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் கெட்டுப்போகும். புரொஜெக்டரின் காற்றுவழியில் தூசி அடைத்தால் சூடேறி நின்றுவிடும். பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். உண்மையில் பூட்டுத்தான் அதைக் கொல்கிறது.

இரண்டாவது, வாரத்தில் ஒரு பிற்பகல் கணினி அறை திறந்திருக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளுக்கு முதலிடம். மேற்பார்வைக்குப் பெற்றோர் இரண்டு பேர் முறை வைத்து வரலாம். அவர்களுக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் மேல் ஒரு கண் இருந்தால் போதும்.

மூன்றாவது, ஆசிரியர்கள் வாரம் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து கற்க வழி செய்ய வேண்டும். தலைமையாசிரியர் நேரத்தை ஒதுக்க வேண்டும். நாம் தேநீரும் பலகாரமும் கொடுக்கலாம். சிரிக்காதீர்கள்! ஆசிரியர்களின் நேரத்தை மதிக்கிறோம் என்று காட்ட அதைவிட எளிய வழி இல்லை.

ஆறு மாதம் கழித்து, இந்த ஒரு திரையை எந்த வகுப்பு எத்தனை முறை உபயோகித்தது, எந்தப் பாடத்தில் பிள்ளைகள் முன்னேறினார்கள் என்று சங்கக் கூட்டத்தில் கேட்போம். பதில் நன்றாக இருந்தால் இரண்டாவது திரைக்கு முதல் நன்கொடை என்னுடையது. என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். இதை இந்த மேடையிலேயே வாக்குறுதியாகச் சொல்கிறேன்.

வீட்டிலும் உங்களுக்கு வேலை உண்டு. இரவில் கைப்பேசி பிள்ளையின் படுக்கைக்குப் போக வேண்டாம். அடுப்படி அலமாரியில் தூங்கட்டும். பிள்ளையின் கடவுச்சொல்லை ஊருக்குச் சொல்லாதீர்கள். "எனக்குப் படிப்பு இல்லீங்க, நான் என்னத்தைப் பார்ப்பேன்" என்று ஒதுங்காதீர்கள். "இன்னைக்கு என்ன படிச்ச? எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று தினமும் கேளுங்கள். பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த எத்தனையோ தாய்மார்கள், எழுத்து அறியாமலே இந்த ஒரு கேள்வியால் பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கியிருக்கிறார்கள்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படிக் கொட்டகைகளில் முளைத்தவைதான் நம் பள்ளிகளில் பல. சுதந்திரம் அடைந்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சனங்கள் பட்டணம் வந்தார்கள், பள்ளிகள் மறைந்தன. நான் வேலை பார்த்த அந்தத் தோட்டப்பள்ளியும் இன்று இல்லை. இனி ஒரு பள்ளி நிலைப்பதும் மறைவதும், "இங்கே என் பிள்ளை நன்றாகப் படிக்கும்" என்று ஒரு தாய் நம்புவதைப் பொறுத்தது. அந்த நம்பிக்கையைச் சுவரில் மாட்டிய திரை கொடுக்காது. வகுப்பில் நிற்கும் ஆசிரியர்தான் கொடுக்க முடியும்.

பிள்ளைகளுக்கு

கடைசியாக, என் அருமைப் பிள்ளைகளே. கேட்டால் கட்டுரையே எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு இப்போது வந்துவிட்டது. உங்களில் சிலருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். முதலில் நீயே எழுது. தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அதனிடம் காட்டு, ஆசிரியரிடமும் காட்டு. கல்லுமலைக்குத் தைப்பூசக் காவடியை அடுத்தவன் தோளில் ஏற்றிவிட்டு, நீ நேர்த்திக்கடன் செலுத்தியதாகச் சொல்ல முடியுமா?

பூட்டிய பெட்டி எதையாவது உங்கள் பள்ளியில் பார்த்தால், பயப்படாமல் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்: "சார், டீச்சர், இதுக்குள்ள என்ன இருக்கு?"

ஆசிரியத் தோழர்களே, அந்தக் கேள்வி உங்களிடம் வரும் நாளில், "அப்புறம் காட்டுறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அதை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன்.

சாவி உங்கள் கையில் இருக்கிறது. திறந்து விடுங்கள்.